எது முதலில்

சீட்டு இல்லாமல் டாக்டர் மேஜைக்கு வர முடியாது. நள்ளிரவு இரண்டு மணிக்கு வந்தாலும் அதுதான் முறை. கூட வந்தவர்களில் ஒருவர் ஓ.பி. சீட்டு வாங்கப் போவார், இன்னொருவர் நோயாளியைத் தோளில் தாங்கிக்கொண்டு நிற்பார். அடிதடி, விபத்து, விஷம் என்றால் அடுத்தது ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவுப் புத்தகம். பெயர், தகப்பனார் பெயர், ஊர், இரண்டு அங்க அடையாளம், கொண்டுவந்தவர் யார், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யாரால். அதன் பிறகு போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல். 1980களின் கடைசியில் டெல்டாவில் ஒரு தாலுகா மருத்துவமனையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது கேஷுவாலிட்டி இப்படித்தான் நடந்தது. மச்சம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று எழுதி முடிக்கும்வரை ரத்தம் வேட்டியில் ஊறிக்கொண்டிருக்கும். அங்கே வேலை பார்த்த யாரும் ஈரமற்றவர்கள் இல்லை. அது கோர்ட்டுக்குப் போகும் புத்தகம். ஒரு வரி விட்டுப்போனால் கூண்டில் நிற்க வேண்டியிருக்கும் என்று எங்களுக்குச் சொல்லிச் சொல்லியே பழக்கியிருந்தார்கள்.

யாரை முதலில் பார்ப்பது என்பதற்கும் ஒரு வழக்கம் இருந்தது. முதலில் வந்தவர், இல்லையென்றால் அதிகம் சத்தம் போட்டவர். கை முறிந்தவன் வலி தாங்காமல் அலறுவான், எல்லோரும் அவனிடம் ஓடுவோம். வயிற்றுப்போக்கில் கண் குழிந்துபோன குழந்தை ஒன்று, அழவும் தெம்பில்லாமல், மூலையில் தாய் மடியில் கிடக்கும். “இப்பத்தான் டாக்டரம்மா அழுகையை நிறுத்திட்டுத் தூங்குது” என்பாள் தாய், நிம்மதியோடு. அந்தத் தூக்கம்தான் பயப்பட வேண்டியது. அழுகிற குழந்தைக்கு மூச்சு இருக்கிறது, தெம்பு இருக்கிறது. அதற்குச் சற்று நேரம் கொடுக்கலாம். சத்தமில்லாத குழந்தைக்கு நேரமே இல்லை. இந்தக் கணக்கு அனுபவசாலிகள் சிலருடைய தலைக்குள் இருந்தது. அவர்கள் டூட்டியில் இல்லாத இரவில் அந்தக் கணக்கும் இல்லை.

இன்று வாசலிலேயே ஒரு சிஸ்டர் நிற்கிறார். நாடி, மூச்சு எண்ணிக்கை, ரத்த அழுத்தம், நினைவு, ஆக்சிஜன் அளவு எல்லாம் பார்த்துவிட்டுச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார். தமிழக அரசு மருத்துவமனைகளில் விபத்து, அவசர சிகிச்சைக்கென்று ‘தாய்’ திட்டம் வந்த பிறகு இந்த நிறங்கள் தரையிலும் சுவரிலும் கோடாகவே போடப்பட்டிருக்கின்றன. சிவப்பில் வருபவருக்குச் சீட்டு பின்னால் வரும். “நாங்கதானே முதல்ல வந்தோம், அவரை ஏன் உள்ளே விட்டீங்க?” என்ற சண்டை இன்றைக்கும் ஓயவில்லை. ஆனால் அந்தச் சண்டைக்கு இன்று ஒரு பதில் இருக்கிறது. அந்தப் பதிலை ஒரு இளம் நர்ஸே நிமிர்ந்து நின்று சொல்ல முடிகிறது.

இத்தனை வருஷத்தில் புது மருந்துகள் வந்திருக்கின்றன, புதுக் கருவிகள் வந்திருக்கின்றன. அவற்றின் அருமை எனக்குத் தெரியும். ஆனாலும் என் கண்ணெதிரே அதிகமான உயிர்களைப் பிழைக்க வைத்தது எது என்று கேட்டால், ‘எது முதலில்’ என்ற வரிசை மாறியதைத்தான் சொல்வேன். யார் முதலில் என்பது அதில் ஒரு பாதி. ஒரே ஆளுக்குள் எது முதலில் என்பது மறுபாதி.

மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு ஊட்டிய ஒழுங்கு வேறு. நோயாளி சொல்வதைக் கேள், பிறகு தொட்டுப் பார், தட்டிப் பார், ஸ்டெத்தை வைத்துக் கேள், பரிசோதனைக்கு அனுப்பு, நோயின் பெயரைக் கண்டுபிடி, கடைசியில் மருந்து. வார்டில் படுத்திருப்பவருக்கு இதைவிட நல்ல முறை இன்றும் கிடையாது. ஆனால் கேஷுவாலிட்டியில் நாக்கு தொண்டைக்குள் சரிந்து மூச்சு அடைத்துக் கிடப்பவரிடம் இந்த வரிசையில் போனால், நோயின் பெயர் தெரியும்போது ஆள் இருக்க மாட்டார். இப்போது வருகிற பிள்ளைகள் முதல் நாளிலேயே கற்றுக்கொள்வது இதைத்தான்: மூச்சுக்குழாய் திறந்திருக்கிறதா, மூச்சு போகிறதா, ரத்தம் ஓடுகிறதா. இந்த மூன்றையும் சரிசெய்துகொண்டே நோயின் பெயரைத் தேடு. பெயர் பத்து நிமிஷம் தாமதமாகக் கிடைத்தால் ஒன்றும் கெட்டுவிடாது. இந்தியாவில் அவசர சிகிச்சையைத் தனி மேற்படிப்பாக மருத்துவக் கவுன்சில் அங்கீகரித்ததே 2009இல்தான். அதுவரை கேஷுவாலிட்டி என்பது எந்தத் துறைக்கும் சொந்தமில்லாத ஒரு வாசற்படி. யாருக்கு டூட்டி விழுகிறதோ அவர் அன்றைக்குப் பார்ப்பார்.

நினைவில்லாமல் தூக்கி வருபவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சொட்டு ரத்தத்தில் சில வினாடிகளில் சர்க்கரை பார்க்கும் கருவி அப்போது எங்கள் ஊரில் கிடையாது. சிறுநீர் எடுத்து, பெனடிக்ட் கரைசலோடு சேர்த்து, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சி, நீலமா பச்சையா செங்கல் நிறமா என்று பார்ப்போம். நினைவில்லாதவரிடம் சிறுநீர் எடுக்கவே நேரமாகும். எடுத்தாலும் அது சர்க்கரை ஏறியிருப்பதைச் சொல்லுமே தவிர, இறங்கியிருப்பதைச் சொல்லாது. காலையில் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, நடவு வேலையில் சாப்பாட்டை மறந்து, மத்தியானம் வரப்பில் சாய்ந்துவிடும் பெரியவர்கள் எங்கள் பக்கம் அதிகம். கை ஒரு பக்கம் விழுந்து, பேச்சுக் குழறி வருவார்கள். ‘வாதம் அடிச்சிடுச்சு’ என்று வீட்டில் முடிவுகட்டி, புறா ரத்தம் தேய்த்துவிட்டுக் கொண்டுவருவார்கள். இன்று 108 வண்டியிலேயே விரலில் குத்திப் பார்த்துவிடுகிறார்கள். சர்க்கரை இறங்கியிருந்தால் ஊசியில் குளுக்கோஸ் ஏறும். சிரிஞ்சு காலியாவதற்குள் கண் திறந்து, “என் செருப்பு எங்கே?” என்று கேட்ட பெரியவரை நான் பார்த்திருக்கிறேன். வேலையில் அத்தனை சந்தோஷம் தரும் இன்னொரு நிமிஷம் எனக்குத் தெரியாது. சர்க்கரை சரியாக இருந்தால் அது உண்மையிலேயே வாதம். அப்போது நேரே சி.டி. ஸ்கேன், அடைப்பு என்று தெரிந்து, தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் வந்திருந்தால், ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து. கை விழுந்தது எத்தனை மணிக்கு என்று யாரும் கேட்காத காலத்திலிருந்து, அதை முதல் கேள்வியாகக் கேட்கும் காலத்துக்கு வந்திருக்கிறோம்.

நெஞ்சு வலிக்கு நேரத்தின் விலை எங்களுக்கு இன்னும் முன்னதாகவே தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அதில் இன்றும் ஆற்றாமை உண்டு. 1988இல் வெளிவந்த ஐசிஸ்-2 என்ற ஆய்வில் பதினேழாயிரத்துக்கும் அதிகமான மாரடைப்பு நோயாளிகள் இருந்தார்கள். வெறும் ஆஸ்பிரின் மாத்திரை கொடுத்தாலே சாவு ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைகிறது, ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசியையும் சேர்த்தால் இன்னும் குறைகிறது என்று அது காட்டியது. ஆஸ்பிரின் எங்கள் ஊர் மளிகைக் கடையிலும் கிடைக்கும் பொருள். ஆனால் அது மாரடைப்புக்கு முதல் மருந்து என்ற செய்தி சிறிய ஊர்களின் கேஷுவாலிட்டிக்கு வந்து சேர வருஷக்கணக்கில் ஆனது. அதுவரை வலிக்கு ஊசி, ஆக்சிஜன், ‘அசையாமல் படுங்கள்’. ஈ.சி.ஜி. மிஷின் தனி அறையில் பூட்டிக் கிடக்கும். சாவி இருப்பவர் காலையில் வருவார். ஸ்ட்ரெப்டோகைனேஸ் பதினைந்து லட்சம் யூனிட்டை ஒரு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். அதை வெளியே எழுதிக் கொடுத்தால், நோயாளியின் மனைவி தாலிக்கொடியைக் கழற்றிக்கொண்டு அடகுக்கடை திறக்கக் காத்திருப்பார். ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும்போது கடை திறப்பதற்குக் காத்திருந்தோம்.

வீட்டிலும் நேரம் போகும். ‘வாயுப் பிடிப்பு’ என்று சோடா குடிப்பார்கள், இஞ்சிச் சாறு குடிப்பார்கள், நெஞ்சில் தைலம் தேய்ப்பார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதான பெண்களுக்கும் பல சமயம் வலியே இருக்காது. வியர்வையும் மூச்சுத் திணறலும் சோர்வும்தான். இன்று அவசரப் பிரிவுக்குள் நுழைந்த பத்து நிமிஷத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்து, அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் பார்த்துவிட வேண்டும் என்பது உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட விதி. அதைவிட என் மனசுக்கு நெருக்கமானது 2023இல் தமிழகத்தில் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டம். மாரடைப்பு என்று தெரிந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடார்வஸ்டாடின் மூன்றும் சேர்ந்த பதினாலு மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுப் பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். முதலில் மருந்து, பிறகு பயணம். அந்த வரிசையைக் கண்டுபிடிக்க எந்தப் புது விஞ்ஞானமும் தேவைப்படவில்லை.

எங்கள் மாவட்டங்களில் கேஷுவாலிட்டி என்றாலே பூச்சிமருந்து. கடன், குடும்பச் சண்டை, தேர்வு முடிவு. வயலுக்கு அடிக்க வாங்கிய மருந்து கைக்கெட்டும் இடத்தில் இருக்கும்; ஒரு கணத்து முடிவு. அப்போது தற்கொலை முயற்சி என்றால் 309ஆவது பிரிவில் வழக்கு வரும் என்ற பயம். அதனால் பாட்டிலை ஒளித்துவிட்டு, “தண்ணின்னு நெனச்சுக் குடிச்சுட்டான், என்ன மருந்துன்னு தெரியலே” என்பார்கள். எங்கள் பெரிய சிஸ்டர் ஒருவர் ஸ்ட்ரெச்சர் வாசலைத் தாண்டும்போதே வாடையை வைத்துச் சொல்லிவிடுவார். பூண்டு மாதிரி ஒரு வாடை, குத்தூசி முனை போல் சுருங்கிய கண்மணி, வாயில் நுரை, உடம்பெல்லாம் வியர்வை. ஆர்கனோபாஸ்பரஸ். அவர் சொன்னதை எந்த ஆய்வகமும் மறுத்து நான் பார்த்ததில்லை.

ஆனால் அப்போது எல்லாருக்கும் முதலில் செய்தது வயிறு கழுவுவதுதான். நாலு பேர் பிடித்துக்கொள்ள, தடித்த ரப்பர் குழாயை வாய்வழியே இறக்கி, வாளி வாளியாகத் தண்ணீர். மூச்சுக்குழாயைக் காப்பாற்றாமல் அப்படிக் கழுவும்போது அந்தத் தண்ணீர் நுரையீரலுக்குள் போகலாம். மண்ணெண்ணெய் குடித்த குழந்தைக்கும் ஆசிட் குடித்த பெண்ணுக்கும் கழுவக் கூடவே கூடாது. சொந்தக்காரர்களோ கழுவினால்தான் வைத்தியம் நடக்கிறது என்று நம்பினார்கள், இன்றும் நம்புகிறார்கள். முறிமருந்தான அட்ரோபினை நாங்கள் கண்மணி விரியும்வரை ஏற்றிக்கொண்டே போவோம். கண்மணி விரிந்து, நாக்கு வறண்டு, காய்ச்சல் ஏறி, இல்லாத பூச்சியைக் காற்றில் பிடித்துக்கொண்டு, கட்டிலில் கட்டப்பட்டுக் கிடந்த இளைஞர்கள் வார்டு முழுக்க இருப்பார்கள். இப்போது மருந்து அதேதான். பார்க்கும் இடம் மாறியிருக்கிறது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அளவை இரட்டித்துக்கொண்டு போய், நெஞ்சில் சளிச் சத்தம் அடங்கி, நாடியும் ரத்த அழுத்தமும் தேறியதும் நிறுத்திக்கொள்கிறோம், பிறகு சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறோம். ஆளைக் கொல்வது நுரையீரலில் நிரம்பும் நீர். கண்மணி சின்னதாக இருப்பதால் யாரும் சாவதில்லை. பாம் என்று நாங்கள் சொல்லும் பிராலிடாக்சிம் என்ற இன்னொரு முறிமருந்தை அப்போது அமுதமாக நினைத்தோம். வேலூரில் 1990களில் நடந்த ஆய்வுகள் அது பெரிதாகப் பயன்படவில்லை என்று காட்டின. விவாதம் இன்னும் முடியவில்லை.

2017 மனநலச் சட்டத்துக்குப் பிறகு, உயிரை விட முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே சட்டம் பார்க்கிறது. இப்போது பாட்டிலையே கையில் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். லேபிளைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, தெரியாமல் தவித்தவர்களுக்குத்தான் தெரியும். பிழைத்தவரை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் மனநல மருத்துவர் உட்கார்ந்து பேசுகிறார். முன்பு வாய் திறக்காத பையன்கள் இப்போது பேசுகிறார்கள். 104 என்ற உதவி எண்ணுக்கு இரவில் எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் பேச ஆள் இருக்கிறது என்பதை எங்கள் பக்கத்து வீடுகளில் எழுதி ஒட்டினாலும் தகும்.

பாம்புக்கடிக்கு வருகிறேன். இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது.

அறுவடைக் காலத்தில் களத்திலிருந்து நேரே வருவார்கள். காலில் இறுக்கிக் கட்டிய துண்டு, பிளேடால் கீறிய காயம், உதட்டில் பச்சைச் சாறு. சிறியாநங்கை இலையைக் கடிக்கக் கொடுத்துக் கசக்கிறதா என்று பார்த்து, மந்திரித்து, அதிலேயே இரண்டு மணி நேரம் போயிருக்கும். கட்டால் கால் கறுத்திருக்கும். அதைச் சட்டென்று அவிழ்த்தால் தேங்கிய விஷம் மொத்தமாகப் பாயும் என்பதால் மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டுதான் தொடுவோம். கட்ட வேண்டாம், கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம். எலும்பு முறிந்த காலைப் போல அசையாமல் வைத்து, மெட்டி, கொலுசு, மோதிரத்தைக் கழற்றிவிட்டுக் கொண்டுவாருங்கள் என்று அப்போதும் சொன்னோம், இப்போதும் சொல்கிறோம்.

எந்தப் பாம்பு என்ற ஆராய்ச்சியில் அன்று நேரம் கரைந்தது. அடித்த பாம்பைச் சாக்கில் போட்டுக் கொண்டுவருவார்கள், பாதி உயிரோடு. உண்மையில் விஷமுறிவு மருந்து ஒன்றுதான். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷத்துக்கும் சேர்த்தே அது தயாராகிறது. அந்த விஷத்தை எடுத்துத் தருவதில் மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1978இல் தொடங்கியது. பாம்புத் தோல் வியாபாரம் தடைசெய்யப்பட்டுப் பிழைப்பை இழந்த இருளர்களின் கைத்திறன் நாடு முழுவதும் உயிர் காக்கிறது. அவர்களுக்கு நாம் காட்டும் மரியாதை போதாது.

ரத்தம் உறைகிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, அசைக்காமல் இருபது நிமிஷம் வைத்து, பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். தண்ணீராக ஓடினால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது. நான் சேர்ந்த வருஷமும் இதைத்தான் செய்தேன். இன்று எல்லாக் கருவிகளும் இருக்கும் இடத்திலும் இதைச் செய்கிறார்கள். பிளாஸ்டிக் குழாய் கூடாது, சோப்பு போட்டுக் கழுவியதும் கூடாது.

விரியன் தன்னைக் காட்டிக்கொடுக்கும். வீக்கம் இருக்கும், ஈறில் ரத்தம் கசியும். கட்டுவிரியன் அப்படி இல்லை. தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரை இரவில் கடித்துவிட்டுப் போகும். வலி கிடையாது, பல சமயம் தடம்கூடக் கிடையாது. விடியற்காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார், தொண்டை அடைக்கிறது என்பார். அப்போது அதை வயிற்றுவலி என்று ஊசி போட்டு அனுப்புவதும், பேய் பிடித்திருக்கிறது என்று கோயிலுக்குத் தூக்கிப் போவதும் நடந்தது. இமையைப் பார்க்க வேண்டும். மேல் இமை இரண்டும் சரிந்து, பார்க்க முடியாமல் நெற்றியைச் சுருக்கித் தலையை அண்ணாந்து பார்த்தால், கடித்த தடத்தைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. அடுத்து மூச்சுத் தசை ஓயும்.

அப்படி வந்த ஒரு பையனுக்கு எங்களிடம் வென்டிலேட்டர் இல்லை. தொண்டையில் குழாய் போட்டு, கையால் மூச்சு செலுத்தும் அம்பு பையை அழுத்த ஆரம்பித்தோம். அப்பா, சித்தப்பா, அண்ணன், பிறகு ஊரிலிருந்து வந்த பால்காரர் என்று மாற்றி மாற்றி அழுத்தினார்கள். “நான் எண்ணுறேன், நீ அமுக்கு” என்று சித்தப்பா எண்ணிக்கொண்டே இருந்தார். மறுநாள் விடியும்போது பையன் கட்டைவிரலை அசைத்தான். கட்டுவிரியன் விஷம் நரம்பு நுனியைச் செயலிழக்க வைக்கிறது. அது தேறும்வரை யாராவது அவனுக்காக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தால் போதும், பிழைத்துவிடுவான். மூளைக்கு ஒன்றும் ஆவதில்லை. அசைவில்லாமல் கிடந்த அந்த நேரமெல்லாம் சுற்றிப் பேசியது அவனுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியில் இறக்கிறார்கள் என்பது பெரிய ஆய்வொன்றின் கணக்கு. பெரும்பாலோர் கிராமத்தில், பலர் மருத்துவமனைக்கு வராமலே. 2024 இறுதியில் தமிழ்நாடு இதை அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியது. கணக்கில் வந்தால்தான் மருந்து எந்த ஊரில் எவ்வளவு வேண்டும் என்று தெரியும். நல்ல முடிவு.

விபத்துக்கும் வரிசை மாறியிருக்கிறது. ‘போலீஸ் கேஸ், இங்கே பார்க்க மாட்டோம்’ என்று தனியார் ஆஸ்பத்திரிகள் கதவைச் சாத்திய காலத்தில், 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் முதலில் உயிர், பிறகு சட்டம் என்று தெளிவாகச் சொன்னது. ஆனால் தீர்ப்பு வந்ததும் கதவு திறந்துவிடவில்லை. பணம் யார் தருவது என்ற கேள்வி நின்றது. 2021 டிசம்பரில் வந்த ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் அந்த முடிச்சை அவிழ்த்தது. தமிழ்நாட்டின் எல்லைக்குள் விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை, அரசு பொறுப்பு.

இன்னும் மாறாத ஒன்று பாம்புக்கடியில்தான் இருக்கிறது. மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்து ஃப்ரிட்ஜிலேயே இருக்கும். ஆனால் ஒவ்வாமை வந்துவிடுமோ என்ற பயத்தில் அதைத் தொடாமலே ‘தஞ்சாவூருக்குக் கொண்டுபோங்கள்’ என்று எழுதிக்கொடுத்து அனுப்புகிறார்கள். தோலில் சின்னதாக ஊசி போட்டு ஒவ்வாமை பார்க்கும் பழைய டெஸ்ட் டோஸ் எதையும் சரியாகச் சொல்வதில்லை என்று தெரிந்து, அதைக் கைவிட்டாயிற்று. ஒவ்வாமை வரலாம், உண்மைதான். வந்தால் தொடையில் அட்ரினலின். அது கையில் இருந்தால் போதும்.

ஓய்வு பெற்ற பிறகும் என் பழைய மாணவிகள் கூப்பிடுவார்கள். போன மழைக்காலத்தில் ஒருத்தி விடியற்காலையில் போன் செய்தாள், புதிதாக ஒரு கிராமத்து நிலையத்தில் சேர்ந்திருந்தவள். எட்டு வயசுப் பெண் குழந்தை, வயிற்றுவலி, இமை சரிகிறது, தடம் எதுவும் இல்லை.

“மேடம், 108 வந்து நிக்குது. அனுப்பிடட்டுமா?”

“எத்தனை குப்பி இருக்கு?”

“பத்து இருக்கு. குழந்தைக்குப் பாதி போதுமா மேடம்?”

“முழுசும் போடும்மா. குழந்தைங்கிறதுக்காகப் பாம்பு கம்மியாக் கடிக்கலை. அட்ரினலினை முதல்ல சிரிஞ்சில எடுத்துப் பக்கத்துல வச்சுக்கோ. மருந்து ஏறுற நேரத்துல மெடிக்கல் காலேஜுக்கு போன் பண்ணி வென்டிலேட்டர் கட்டில் சொல்லிவை. அனுப்பும்போது குழந்தைகூட ஒரு சிஸ்டர் அம்பு பையோட ஏறணும்.”

“டிரைவர் அவசரப்படுறார் மேடம்.”

“அவர்கிட்ட நான் பேசறேன், போனைக் குடு. நீ ஊசியைப் பாரு.”